காதுவழிக் குளிரும் கைவிட்ட ஓட்டமும்: திருப்புட்குழியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

புரட்டாசியில் ஆர்வமாகத் தொடங்கும் காலை ஓட்டம் ஐப்பசி மழையில் நனைந்து, கார்த்திகையில் தள்ளாடி, மார்கழியில் படுத்துவிடுகிறது. பிள்ளை குட்டி உள்ளவர்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. காரணம் கேட்டால், குளிர் என்பதே பாதிக்கப்பட்டோர் அனைவரின் ஒருமித்த வாக்குமூலம். இக்கட்டுரை அந்த வாக்குமூலத்தை ஏற்கவில்லை. குளிர் இவ்வழக்கில் பொய்ச்சாட்சி. உண்மைக் குற்றவாளி அடுக்களைக்கும் பள்ளி வேனுக்கும் இடைப்பட்ட பரப்பில் பகிரங்கமாக நடமாடிக்கொண்டிருக்கிறது என்பதை நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

1. களமும் அதைத் தேர்ந்த காரணமும்

திருப்புட்குழி காஞ்சிபுரத்துக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், பாலுசெட்டி சத்திரத்துக்கு அருகே, பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெருமாள் விஜயராகவர், தாயார் மரகதவல்லி. இராமன் சடாயுவுக்கு ஈமக்கடன் செய்தது இங்கேதான் என்கிறது தலபுராணம்.

ஓட்டத்தை ஆராய ஊட்டி, கொடைக்கானல் என்று குளிர்ந்த இடங்கள் இருக்க, இவ்வூர் ஏன் என்று கேட்கலாம். காரணங்கள் இரண்டு.

முதலாவது, பிள்ளை வேண்டுவோர் தேடி வரும் ஊர் இது. வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு படுத்து, விடிந்ததும் அது முளைவிட்டிருந்தால் பிள்ளைப்பேறு உறுதி என்பது மரகதவல்லித் தாயார் சந்நிதி நம்பிக்கை. பெற்றோராக விரும்புவோர் வருகிற ஊரிலேயே, பெற்றோரான பிறகு அவர்கள் கதி என்னவாகிறது என்பதையும் ஆராய்வதுதான் முறை. பயறு முளைத்த காலையோடு தலபுராணம் முடிந்துவிடுகிறது. அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் கழித்து வரும் காலைகளைப் பற்றி இதுவரை எவரும் எழுதவில்லை.

இரண்டாவது, நெடுந்தூரப் பயண வரலாற்றில் இவ்வூருக்கு உள்ள தொடர்பு. இராமானுசர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டது இங்கேதான் என்பது மரபு. அந்தக் குருவோடு காசி யாத்திரை புறப்பட்டவர், வழியில் தம்மைக் கொல்லத் திட்டம் இருப்பது தெரிந்து விந்தியக் காட்டில் விலகினார். ஒரு வேடத் தம்பதியின் துணையோடு ஒரே இரவில் காஞ்சி எல்லைக்கு வந்து சேர்ந்தார் என்கிறது குருபரம்பரை. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. இரவைப் பன்னிரண்டு மணி நேரமாகத் தாராளமாகக் கணக்கிட்டாலும் வேகம் மணிக்கு எண்பது கிலோமீட்டரைத் தாண்டுகிறது. 2023இல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் மாரத்தானை முடித்தபோதுகூட வேகம் மணிக்கு 21 கிலோமீட்டர்தான். எனினும் உடன் வந்த வேடர்கள் காஞ்சி வரதரான பேரருளாளனும் பெருந்தேவித் தாயாரும் என்பதால், வெளியுதவி பெற்ற ஓட்டம் என்ற வகையில் இந்நேரம் சாதனைப் பதிவேட்டில் ஏறாது. நமக்கு இதில் பயன்படும் செய்தி ஒன்றுண்டு: துணை அமைந்தால் தூரம் பொருட்டல்ல. பின்னால் இதற்குத் திரும்புவோம்.

2. குளிர்: வரையறைச் சிக்கல்கள்

குளிர் என்று எதைச் சொல்கிறோம்? இந்திய வானிலைத் துறையின் கணக்கில், சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால்தான் குளிர் அலை என்ற பேச்சே எழும். காஞ்சி வட்டாரத்து மார்கழி விடியல் 20 டிகிரியை ஒட்டி நிற்கிறது. ஓரிரு நாள் மனம் இரங்கி 18க்கு வருகிறது. ஆக, அரசாங்கக் கணக்கின்படி திருப்புட்குழியில் குளிர் கிடையாது. மேலும், மாரத்தான் ஓட ஏற்றது ஏறத்தாழ 10 டிகிரி என்பது விளையாட்டு மருத்துவத்தார் துணிபு. அவர்கள் பார்வையில் நம்மூர் மார்கழி, ஓடுவதற்குச் சற்று வெக்கையான மாதம். ஜனவரியில் மைனஸ் 10 சர்வசாதாரணமான கனடாவின் ஸ்கார்பரோவில், பனியில் சறுக்காத காலணி மாட்டிக்கொண்டு நம்மவர்கள் ஓடுகிறார்கள். அவர்களிடம் 20 டிகிரியைச் சொல்லி ஆறுதல் தேடுவது உறவு முறிவில் முடியும்.

ஆனால் தெர்மாமீட்டர் ஒன்று சொல்ல, திண்ணை வேறொன்று சொல்கிறது. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பது திண்ணையின் நிலைப்பாடு. தரையையே துளைக்கும் பனி ஒரு டீ-சர்ட்டை என்ன செய்யாது?

இங்கே காதுவழிக் கோட்பாட்டை விளக்க வேண்டும். குளிர் உடம்பில் ஏறுவது தோல் வழியாக என்பது மேனாட்டார் கொள்கை. காது வழியாக மட்டுமே என்பது தமிழ்ப் பாட்டிமார் கொள்கை. கள ஆய்வில் பதிவான மூதாட்டி ஒருவரின் கூற்று: "காதை மூடிக்கினு போப்பா. காத்து பூந்துக்கினா அப்புறம் பத்து நாளைக்கு எந்திரிக்க மாட்ட." இக்கோட்பாட்டின்படி முழங்காலுக்கு மேலே நிற்கும் ஷார்ட்ஸ் ஆபத்தில்லை, மூடாத காது பேராபத்து. சளி பிடிப்பது வைரஸால் என்று எதிர்வாதம் செய்து பார்த்ததில், அந்த வைரஸ் எந்த வழியாக உள்ளே போச்சு என்று பாட்டி திருப்பிக் கேட்டார். விவாதம் அத்துடன் முடிந்தது. விளைவு, கீழே அரைக்கால் சட்டையும் மேலே குரங்குக் குல்லாயுமாக ஓடும் ஒரு புதிய உயிரினம் மார்கழி இருட்டில் தோன்றுகிறது. தெருநாய்கள் இதை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாமல்தான் துரத்துகின்றன என்பது எமது ஊகம்.

எதிர்த்திசையில் ஓசோன் கோட்பாடு இருக்கிறது. மார்கழி விடியலில் ஓசோன் தரைக்கு இறங்குகிறது, அதைச் சுவாசிக்கவே முன்னோர்கள் நம்மை எழுப்பினார்கள் என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். ஓசோன் படலம் இருப்பது தரையிலிருந்து 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேலையைப் போட்டுவிட்டு அது பாலுசெட்டி சத்திரத்தில் பஸ் இறங்குவதில்லை. தரைமட்டத்தில் வேறொரு ஓசோன் உண்டு. அது வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து சமைக்கும் மாசு, நுரையீரலுக்கு ஆகாது. வெயில் வருமுன் அது குறைவாக இருக்கும் என்பதுதான் விடியலின் பெருமை. இன்னொரு பக்கம், குளிர்கால விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ளது சற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், லாரிப் புகையும் குப்பைப் புகையும் மேலெழ முடியாமல் தாழவே படிந்து நிற்கும். ஆகவே நெடுஞ்சாலைப் பக்கம் போகாமல் ஊருக்குள்ளே, வயலோரமாக ஓடுவது நல்லது. போகியன்று மட்டும் ஓடாமலிருக்க அறிவியல் முழு மனத்தோடு அனுமதி வழங்குகிறது.

3. சூரியன்: உடந்தை

குளிரை விடுவித்துவிட்டால் சந்தேகம் அடுத்ததாகச் சூரியன்மேல் விழுகிறது. இதற்கு ஆதாரம் உண்டு. ஜூன் தொடக்கத்தில் 5.45 மணியை ஒட்டி எழும் சூரியன், ஜனவரி மூன்றாம் வாரத்தில் 6.35ஐத் தாண்டித்தான் எட்டிப் பார்க்கிறது. முக்கால் மணி நேரத்துக்கும் மேல் இருட்டுக்குப் போய்விடுகிறது. ஆனால் பள்ளி வேன் சூரியனைப் பார்த்துப் புறப்படுவதில்லை. ஜூனில் ஏழரைக்கு வந்த வேன் ஜனவரியிலும் ஏழரைக்கே வந்து ஹாரன் அடிக்கிறது. வெளிச்சத்துக்கும் ஹாரனுக்கும் இடையிலிருந்த ஒன்றே முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரத்துக்குள் சுருங்கிவிடுகிறது.

ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21, 22 தேதிகளில் கழிந்துவிடுகிறதே, அதன்பின் சீக்கிரம் விடியுமே என்பார்கள். விடியாது. பூமியின் அச்சுச் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து செய்யும் குளறுபடியால், நம்முடைய அட்சரேகையில் ஆண்டின் மிகத் தாமதமான சூரிய உதயம் அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தே வருகிறது. பொங்கலுக்குப் பிறகு ஓடிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவோர் இதைக் கருத்தில் கொள்க: தை பிறந்தால் வழி பிறக்கும், வெளிச்சம் உடனே பிறக்காது.

4. வீதி: தடைகளின் தொகுப்பு

மார்கழி விடியலில் தான் மட்டும் விழித்திருப்பதாக நினைத்து வெளியே வரும் ஓட்டக்காரர், ஊரே தனக்கு முன்னால் எழுந்துவிட்டதைக் காண்கிறார்.

கோலம் முதல் தடை. மார்கழி பிறந்த அன்று வாசலோடு அடங்கியிருந்த கோலம், நாளொரு புள்ளியும் பொழுதொரு வரிசையுமாக வளர்ந்து, பொங்கல் நெருங்கும்போது எதிர்வீட்டுக் கோலத்தோடு நடுத்தெருவில் கைகோத்துவிடும். ஓடக்கூடிய தெருவின் அகலம் தைக்குள்ள தூரத்துக்கு நேர்விகிதத்தில் குறைகிறது என்பது எமது கோல விரிவு விதி. மார்கழி கடைசி வாரத்தில் ஓட்டம் என்பது பூசணிப்பூக்களுக்கு இடையே நொண்டியடித்தலாகவே நிகழும். மிதித்தால் தண்டனை எழுத்தில் இல்லை. கோலமாவுக் கிண்ணமும் கையுமாக நிமிரும் ஒரு பார்வை உண்டு. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஓட முடியாது.

அடுத்தது பாவு. காஞ்சி வட்டார நெசவுத் தெருக்களில் வெயில் ஏறுமுன் பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டி, கஞ்சி போட்டு, இழை ஒட்டாமல் பிரித்துவிடும் காட்சியை இன்றும் காணலாம். இரு முனையிலும் இழுத்துக் கட்டி, நடுநடுவே கோல் கொடுத்து, ஆயிரக்கணக்கான இழைகள் இடுப்புயரத்தில் நிற்கும். இதன் குறுக்கே ஓடக்கூடாது. ஓடினால் யாரோ ஒரு வீட்டு முகூர்த்தப் புடவை அறுந்து நிற்கும். அதன் ஓரமாக நடந்து கடக்கையில் ஓட்டக்காரர் தம் கைக்கடிகாரத்தை நிறுத்தி வைப்பது வழக்கம். பாவுக்காரர்கள் ஏற்கெனவே பலமுறை தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாயிற்று. அவர்கள் கையில் அதை எண்ணும் கடிகாரம் இல்லை.

நாய்கள் குறித்து விரிவாக எழுத இடம் போதாது. ஓட்டக்காரரின் வேகத்தை உண்மையாகவே கூட்டிய ஒரே பயிற்சியாளர் என்ற மரியாதையோடு இங்கே விடுகிறோம்.

5. வீடு: குற்றவாளி

மேற்சொன்ன தடைகள் எல்லாம் வாசற்படி தாண்டியவருக்கு. பெற்றோரில் பலர் வாசற்படியையே தாண்டுவதில்லை.

நான்கு வயதுக் குழந்தையின் செவிப்புலன் தனி ஆய்வுக்குரியது. கோயில் ஒலிபெருக்கி நாலரை மணிக்கு முழு ஒலியில் முழங்கினாலும் அது புரண்டுகூடப் படுக்காது. அடுத்த அறையில் அப்பா ஷூ லேஸை இழுக்கும் ஓசைக்கு எழுந்து உட்கார்ந்துவிடும்.

"எங்கப்பா போற?"

"இங்கதான்டா கண்ணு, இதோ வந்துர்றேன்."

"நானும் வரேன்."

தமிழக ஓட்ட வரலாற்றில் மாரடைப்பையும் முழங்கால் வலியையும்விட அதிக ஓட்டங்களை நிறுத்தியது இந்தக் கடைசி வாக்கியம்தான்.

தாய்மார் நிலை வேறு. அவர்கள் ஐந்து மணி முதல் ஏழரை வரை ஓடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஷூ போடாததால் அது கணக்கில் வருவதில்லை. மார்கழியில் இந்த உள்ளரங்க ஓட்டம் கடுமையாகிறது. ஈரக் காற்றில் நேற்றுத் துவைத்த யூனிஃபார்ம் காயாது. சாக்ஸ் ஒன்று ஃபேனுக்கு அடியிலும் மற்றொன்று இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலும் இருக்கும். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வருவதால், ஒரு கை இட்லி மாவு ஊற்ற, மறு கை பெருக்கல் வாய்ப்பாடு கேட்கும். இரண்டு டிபன் பாக்ஸ், அதில் ஒன்றுக்குக் காரம் ஆகாது. இந்த நேரத்தில் வீட்டுத் தலைவர் குல்லாயோடு வெளியே போய் நாற்பது நிமிடம் கழித்து வியர்த்து வந்து, இன்று காற்று சுகமாக இருந்தது என்றால், பதில் எப்படி வரும் என்பதற்குக் கள ஆதாரம் உண்டு: "ஏங்க, போறவரு ராத்திரியே சொல்லியிருக்கக் கூடாதா? பால் யாரு வாங்குறது, அவனை யாரு எழுப்புறது?"

இந்தக் கேள்வியில்தான் வழக்கு தீர்கிறது. கேட்டவர் ஓடாதே என்று சொல்லவில்லை. சொல்லாமல் ஓடாதே என்றார். காலை நாற்பது நிமிடம் சும்மா கிடந்த நேரமில்லை. ஏற்கெனவே ஒருவர் உழைப்பில் நடந்துகொண்டிருந்த நேரத்தை ஓட்டக்காரர் கைமாற்றாக எடுத்திருக்கிறார். கேட்காமல் எடுத்த கைமாற்று மூன்றாம் நாள் நின்றுபோகும். நின்றுபோனதற்கு வெளியே காரணம் சொல்ல வேண்டியிருப்பதால் குளிர் அழைத்து வரப்படுகிறது. நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு.

6. ஓட்டக்காரர் வகைப்பாடு

மார்கழியில் தென்படும் பெற்றோர் ஓட்டக்காரர் நால்வகையினர்.

சங்கற்பர்: ஜனவரி 1 அன்று தோன்றி, அந்த வாரத்துக்குள் மறைபவர். சாதனர்: ஷூ, கடிகாரம், கையில்லாச் சட்டை, இடுப்புத் தண்ணீர்ப் புட்டி அனைத்தும் வாங்கி முடித்துவிட்டு, நல்ல சாக்ஸுக்காகக் காத்திருப்பவர். வைராக்கியர்: ஜனவரித் தொடக்கத்துச் சென்னை மாரத்தானுக்குப் பணம் கட்டிவிட்டதால் மட்டும் ஓடுபவர், பதக்கத்துக்குப் பிறகு அடுத்த பதிவு வரை ஓடமாட்டார். பாலர்: பால் வாங்கப் போகிறவர், போகும்போது ஓடுவார், பால் பாக்கெட்டோடு வரும்போது நடப்பார். நால்வரில் மாசி மாதத்திலும் ஓடிக்கொண்டிருப்பவர் இவர் ஒருவரே. அவர் போவதில் வீட்டுக்கு ஒரு வேலை முடிகிறது. அவர் ஓட்டத்தை நிறுத்தினால் காபி நிற்கும்.

7. பழக்கம் பற்றிய முந்தைய ஆய்வுகள்

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. இதன் வேர், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய ஒரு நூல். மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்ற அவருடைய கவனிப்பில், குறைந்தது என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துபோயிற்று. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் அச்சான ஆய்வில், ஒரு செயல் தன்னிச்சையாக நடக்கச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 நாள் வரை விரிந்தது.

மார்கழிக்கு 29 அல்லது 30 நாள்தான். எனவே சராசரி ஆளுக்கு மார்கழிக்குள் ஓட்டம் பழக்கமாவது கணித அடிப்படையிலேயே நடவாத காரியம். ஐப்பசிக் கடைசியில் தொடங்கினால்தான் தைக்குள் கைகூடும். ஆனால் அதே ஆய்வில் பெற்றோருக்கென்றே எழுதியது போன்ற ஒரு முடிவும் உள்ளது: இடையில் ஒரு நாள் தவறுவதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. ஆகவே குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் விட்டவர், எல்லாம் போயிற்று என்று ஷூவைப் பரணில் ஏற்ற வேண்டியதில்லை.

அளவு குறித்தும் பீதி வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடற்பயிற்சி போதும் என்கிறது. வாரம் மூன்று நாள், நாளுக்கு 25 நிமிடம் ஓடினால் கீழ்வரம்பு எட்டிவிடும். ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் அந்த நிறுவனம் கைவிட்டுவிட்டது. பாலர் வகையினருக்கு இது சர்வதேச அங்கீகாரம்.

8. ஆண்டாள் முன்மாதிரி

மார்கழி விடியலில் எழும் சிக்கலை முறையாகக் கையாண்டவர் ஆண்டாள். திருப்பாவையின் 30 பாசுரங்களில், 6 முதல் 15 வரை பத்துப் பாசுரங்கள் உறங்கும் தோழியரை எழுப்புவதற்கே செலவாகின்றன. திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, படுக்கையிலிருந்து ஆளைக் கிளப்ப! இன்றைய ஓட்டப் பயிற்சி அட்டவணை எதிலும் இந்த இனத்துக்கு இடம் இல்லை. கைகாலை நீட்டு, நிதானமாக ஓடு, வேகமாக ஓடு என்பார்கள். எழுந்தாயா என்று கேட்பவர் இல்லை. தனியே நோன்பிருந்தால் பாசுரம் பத்து மிச்சமாகியிருக்கும்; நோன்பு நடந்திருக்காது.

இராமானுசர் கதையில் கண்ட துணையின் பாடம் இதுவே. காஞ்சித் தறியும் இதையே சொல்கிறது. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக நெய்து பிணைக்கும் கோர்வைப் புடவையை மரபுக் கைத்தறியில் ஒற்றை ஆள் நெய்வதில்லை. நெய்பவர் ஒரு கரையைப் பார்த்துக்கொள்ள, மறுகரை நாடாவை வாங்கித் திருப்பப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். பல வீடுகளில் அது கணவன் மனைவியே. பிள்ளை பெற்றவரின் ஓட்டமும் கோர்வை வேலை. தெருவில் ஓடுபவர் ஒருவர். மறுகரையில் உட்கார்ந்து நாடா திருப்புபவர் இன்னொருவர். அடுத்த நாள் இடம் மாறி உட்கார மறுத்தால் துணி இறங்காது.

9. முடிவுகள்

ஒன்று: மார்கழி ஓட்டம் காலையில் நடப்பதில்லை, முந்தைய இரவில் நடக்கிறது. காய் நறுக்கி, சாக்ஸ் காயவைத்து, நாளைக்கு யார் முறை என்று பேசி முடித்துவிட்டால் ஓட்டத்தில் முக்கால் பங்கு ஆயிற்று. காலையில் செய்வது மீதிக் கால் பங்கு.

இரண்டு: திங்கள், புதன், வெள்ளி ஒருவருக்கு என்றால் செவ்வாய், வியாழன், சனி மற்றவருக்கு. ஓட விருப்பமில்லை என்றால் அந்த நேரம் தூங்குவதற்கும் செல்லும். ஞாயிறு குழந்தைக்கு: நானும் வரேன் என்றதை அன்று நிறைவேற்றிவிட வேண்டும். அதன் வேகத்தில் கோயில் குளமான சடாயு தீர்த்தக் கரை வரை போய், வழியில் ஆட்டுக்குட்டியையும் பார்த்துத் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுச் செல்க.

மூன்று: ஷூவை வாசலுக்கு வெளியே போய் மாட்டுக.

நான்கு: காதை மூடிக்கொள்க. அறிவியல் ஆதாரம் இல்லை; ஆனால் ஏழு மணிக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அந்தப் பாட்டிதான்.

10. மேலாய்வுக்கான பரிந்துரைகள்

குளிர்காலம் பற்றிய இம்முடிவுகளை மற்ற பருவங்களிலும் சோதித்துப் பார்க்க வேண்டியுள்ளது. சித்திரையில் வெயிலும் ஆடியில் காற்றும் ஐப்பசியில் சேறும் ஓட்டத்தைக் கொல்வதாகப் புகார்கள் வந்துள்ளன. புகார்தாரர்கள் அனைவரும் ஒரே ஆட்கள் என்பது முதற்கட்ட விசாரணையில் தெரியவந்திருக்கிறது.